ஊர் வாய்க்காகக் கத்தி வைக்காதீர்கள்

2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர், உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சைக்காகச் சென்னைப் புறநகரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தார். உயிரோடு வீடு திரும்பவில்லை. சுகாதாரத் துறை விசாரணை நடத்தியது. செய்தி வெளியான நாட்களில் டீக்கடையிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இரண்டு விதமான பேச்சு ஓடியது. "இந்த ஆபரேஷனையே தடை செய்யணும்" என்பது ஒன்று. "வாயைக் கட்டி, தினமும் நாலு கிலோமீட்டர் நடந்திருந்தா இது தேவையா?" என்பது மற்றொன்று. முதல் பேச்சில் அறியாமை இருக்கிறது. இரண்டாவதில் இருப்பது கொடுமை. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் வாசலில் நின்றுகொண்டு, இறந்தவன் மேலேயே பழி போடுகிற கொடுமை அது.

அந்த மரணத்துக்கு யார் பொறுப்பு என்பதைச் சட்டம் சொல்லட்டும். இங்கே பேச வேண்டியது அதற்கு முந்தைய கேள்வி: நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் தன் இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கிக்கொள்ள ஒருவர் முடிவெடுப்பது எப்போது நியாயம், எப்போது அநியாயம்?

நம் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நோயின் பிடியிலிருந்து மீள, விவரம் முழுக்கத் தெரிந்து, தானே எடுக்கும் முடிவு என்றால் அது நியாயம். அதைக் கேலி செய்ய எவருக்கும் உரிமை இல்லை. கல்யாணத்துக்காக, உறவுக்காரர்களின் வாய்க்காக, விளம்பரம் கிளப்பிவிட்ட ஆசைக்காக என்றால் அது அநியாயம். அப்போதும் குற்றவாளி படுக்கையில் கிடப்பவர் அல்ல, அவரை அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்தவர்கள்தான்.

வாயைக் கட்டச் சொல்கிறவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்கு உட்பட்ட பெண்களில் 40.4 சதவீதம் பேர் மிகை எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். ஆண்களில் இது 37 சதவீதம். அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் பெண்கள் 30.9 சதவீதம், ஆண்கள் 28.2 சதவீதம். இடையில் இருப்பது ஐந்து ஆண்டுகள்தான். அதற்குள் ஒரு மாநிலத்தின் மக்கள் எல்லாரும் சோம்பேறிகளாகவும் தீனிப் பண்டாரங்களாகவும் மாறிவிட்டார்களா? மாறியது சுற்றியிருக்கும் வாழ்க்கை. உட்கார்ந்தே செய்யும் வேலை, இரவுப் பணி, தெருமுனைக்குத் தெருமுனை பேக்கரி, நடக்க நடைபாதை இல்லாத சாலை, விளையாட்டு வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடும் பள்ளிக்கூடம். இவற்றோடு தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, ஆண்டுக்கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் கூடவே இருக்கிறது. பரம்பரையும் இருக்கிறது.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பட்டினி கிடந்து பார்த்தவர்கள் அறிவார்கள். எடை குறையத் தொடங்கியதுமே உடம்பு அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற சுரப்பு கூடுகிறது. உடம்பு செலவழிக்கும் சக்தி குறைகிறது. ஆறு மாதம் வாயைக் கட்டிக் குறைத்த பத்து கிலோ, அடுத்த தீபாவளிக்குள் பன்னிரண்டாகத் திரும்பி வருவது மனஉறுதி இல்லாததால் அல்ல.

130 கிலோ எடையுள்ள ஒருவரின் ஒரு நாளை அருகில் போய்ப் பாருங்கள். படுத்தால் மூச்சு நின்று நின்று வருவதால் மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூக்கம். பகலில் பில் போடும் மேசையில் உட்கார்ந்தபடியே கண் சொருகுகிறது. ஷூ லேஸ் கட்டக் குனிய முடியாமல் வருடம் முழுக்கச் செருப்பு. இந்திய முறைக் கழிவறை உள்ள வீட்டுக்கு விருந்தாளியாகப் போக முடியாது. பேருந்தில் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து நின்றுகொள்கிறார். ஒவ்வொரு முறை சுகர் டாக்டரிடம் போகும்போதும் இன்சுலின் அளவு கூடுகிறது. காலில் வந்த புண் ஆறுவதில்லை. அவரிடம் போய், "டயட்ல இருங்க சார்" என்று சொல்வதை அறிவுரை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இப்படிப்பட்டவருக்கு அறுவை சிகிச்சை என்ன தரும் என்பது ஊகமாகப் பேசப்படும் விஷயமல்ல. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் 1966இல் இரைப்பை பைபாஸைச் செய்துகாட்டியதிலிருந்து ஏறத்தாழ அறுபது ஆண்டு அனுபவம் இதில் சேர்ந்திருக்கிறது. அதற்கும் முன் 1950களில் சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிடும் முறை ஒன்று இருந்தது. கல்லீரலைக் கெடுத்ததால் அது கைவிடப்பட்டது. சுவீடனில் 1987இல் தொடங்கிய ஆய்வு, அறுவை செய்துகொண்ட 2,010 பேரையும், அதே நிலையில் அறுவை செய்துகொள்ளாத 2,037 பேரையும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. அறுவை செய்துகொண்டவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 3 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று 2020இல் அந்த ஆய்வு தெரிவித்தது. சர்க்கரை நோயோடு அறுவைக்கு வந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு இரண்டாம் ஆண்டில் நோய் அடங்கியிருந்தது. மாத்திரையும் ஊசியும் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. ஆகவே, இந்த அறுவையைத் தடை செய்யச் சொல்வது, பிழைக்க வழி இருப்பவர்களின் கதவைச் சாத்துவது. அதை நாம் ஏற்கவில்லை.

அதே ஆய்வின் மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் ஆண்டில் 72 சதவீதமாக இருந்தது, 15ஆம் ஆண்டில் 30 சதவீதமாகக் குறைந்தது. அறுவை செய்துகொண்டவர்களும் பொதுமக்களைவிடச் சராசரியாக 5.5 ஆண்டுகள் குறைவாகவே வாழ்ந்தார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நடந்து 2007இல் வெளியான பெரிய ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களிடையே மொத்த மரணம் 40 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் விபத்து, தற்கொலை போன்ற நோயல்லாத காரணங்களால் நேர்ந்த மரணம் 58 சதவீதம் கூடியிருந்தது. உடம்பு இளைத்தால் மனம் தானாகத் தேறிவிடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம். அறுவைக்கு முன்னும் பின்னும் மனநல மருத்துவர் வேண்டும் என்பது சடங்குக்காகச் சொல்லப்படுவதல்ல.

இனி அநியாயத்தின் பக்கம்.

ஜாதகம் பொருந்திவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியும் கேசரியும் சாப்பிட்டாயிற்று. கை கழுவப் போகிற இடத்தில் மாப்பிள்ளையின் அத்தை, பெண்ணின் அம்மாவைத் தனியாகப் பிடித்துச் சொல்கிறார்: "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா அக்கா. உடம்பை மட்டும் கொஞ்சம் இளைக்க வெச்சீங்கன்னா தை மாசமே முடிச்சுடலாம்." அன்று இரவு அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை. மறுவாரம் அம்மாவின் கைப்பேசியில் எடைக் குறைப்பு மருத்துவமனையின் ரீல்ஸ் ஓடுகிறது. அந்தப் பெண்ணின் உயரம் 155 சென்டிமீட்டர், எடை 70 கிலோ. சுகர் இல்லை, பி.பி. இல்லை, மூட்டு வலி இல்லை. அவளுக்கு இருக்கும் ஒரே நோய் அந்த அத்தையின் வாய்.

மருத்துவமனை அவளைத் திருப்பி அனுப்புமா? அனுப்ப வேண்டும். ஆனால் அனுப்பாமல் இருக்க அதற்கு ஒரு எண் துணைக்கு வருகிறது. உடல் பருமன் அறுவை மருத்துவர்களின் அமெரிக்க, உலக அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஆசிய மக்களுக்கு உடல் நிறை குறியீடு, அதாவது பி.எம்.ஐ., 27.5ஐத் தாண்டினாலே இந்த அறுவையை வழங்கலாம் என்று இருக்கிறது. அதற்கு நியாயமான காரணம் உண்டு: வெள்ளைக்காரர்களைவிடக் குறைந்த எடையிலேயே நமக்கு வயிற்றில் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை நோய் வந்துவிடுகிறது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவோடு இருப்பதாகக் காட்டியது. அவர்களில் பலர் பார்வைக்குக் குண்டானவர்களே அல்ல. ஆக, நோயாளியைக் காப்பதற்காகத் தாழ்த்தப்பட்ட எண் அது. 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு அது 66 கிலோவைத் தொடுகிறது. 66 கிலோ எடையுள்ள பெண்கள் நம் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். மனசாட்சியுள்ள மருத்துவர் கையில் அந்த எண், மற்ற எல்லாம் தோற்ற பிறகு எடுக்கும் கடைசி வழியாக இருக்கும். வியாபாரி கையில் அது தெரு முழுக்க வீசும் வலையாகிவிடுகிறது.

காப்பீட்டு நிறுவனங்கள் இவ்வளவு தாராளமாக இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விதிப்படி, பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும். அல்லது 35 இருந்து, கட்டுக்கடங்காத சர்க்கரை, இதய நோய், தூக்கத்தில் கடுமையான மூச்சுத் திணறல் போன்றவை கூடவே இருக்க வேண்டும். மற்ற வழிகளை முயன்று தோற்றிருக்கவும் வேண்டும். அதே 155 சென்டிமீட்டர் பெண் 96 கிலோ இருந்தால்தான், நோயும் இருந்தால் 84 கிலோவில்தான், காப்பீடு கிடைக்கும். 66க்கும் 84க்கும் இடையில் இருப்பவர்கள் கைக்காசு கொடுத்துத்தான் படுக்க வேண்டும். விளம்பரங்கள் குறிவைப்பது இந்த இடைவெளியில் நிற்பவர்களைத்தான். ஈ.எம்.ஐ. வசதியும் அவர்களுக்காகத்தான்.

அந்தப் பெண்ணுக்கு ஸ்லீவ் அறுவை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி வெளியே எடுத்துவிடுவார்கள். வெட்டியது வெட்டியதுதான், பிறகு மனம் மாறினாலும் திரும்ப ஒட்ட முடியாது. முதல் சில வாரம் நீராகாரம், பிறகு மசித்த உணவு, அதன்பின் ஒரு இட்லியை அரைமணி நேரம் மென்று தின்னும் வாழ்க்கை. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. அவசரமாக விழுங்கினால் நெஞ்சில் அடைத்து வாந்தி. ஓயாமல் வாந்தி வந்து தயமின் குறைந்தால் நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம். மாதக்கணக்கில் முடி கொட்டலாம். நெஞ்செரிச்சல் நிரந்தரமாகலாம். பித்தப்பையில் கல் வரலாம். பி12, இரும்புச் சத்து, கால்சியம், வைட்டமின் டி என்று மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனைகளும் ஆயுளுக்கும் தொடரும். அறுவைக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் தரிக்கக் கூடாது என்பது மருத்துவ அறிவுரை. எடை வேகமாக இறங்கும் காலத்தில் வயிற்றில் வளரும் பிள்ளைக்குப் போதிய சத்து போய்ச் சேராமல் போகலாம்.

இதை மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகவே அந்தப் பெண் புகுந்த வீட்டின் விருந்துப் பந்தியில் இலை நிறையப் பரிமாறியதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். "நம்ம வீட்டுச் சாப்பாடு பிடிக்கலையாம்மா?" என்று மாமியார் கேட்பார். நான்கு மாதம் கழித்து, "விசேஷம் ஏதும் உண்டா?" என்றும் கேட்பார். மாத்திரை டப்பாவைப் பீரோவின் உள்ளறையில் ஒளித்து வைத்துக்கொண்டு இரண்டு கேள்விகளுக்கும் அவள் தனியாகப் பதில் தேட வேண்டும். பெற்ற மகளை இந்த நிலைக்குத் தள்ளுவதற்குப் பாசம் என்று பெயர் சூட்டுவதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். உடம்பைக் காரணம் காட்டி விலகும் சம்பந்தம் விலகட்டும். அதில் அந்தப் பெண் இழப்பது எதுவும் இல்லை.

ஆண்களுக்கும் இந்த நெருக்கடி இல்லாமல் இல்லை. பெண் வீட்டார் புகைப்படத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் விடுவதும், நண்பர்கள் வட்டம் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதும் எத்தனை இளைஞர்களை அறுவை அரங்கின் வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்துகின்றன என்பது யார் கணக்கிலும் இல்லை. கேலி செய்த வாய் எதுவும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவதில்லை.

மருத்துவமனைகள் மீதுதான் நம் கடுமையான தீர்ப்பு. நோயாளிகளை நேரடியாகவோ மறைமுகமாகவோ வலைவீசிப் பிடிப்பது மருத்துவ அறத்துக்கு மாறானது என்று 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் குழும நடத்தை விதிகள் சொல்கின்றன. அந்த விதி மருத்துவரோடு நிறுவனத்தையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. அப்படியிருக்க, 'முன்', 'பின்' என்று இரண்டு படம், இடையில் ஒரு அம்புக்குறி, கீழே தள்ளுபடிக்குக் கடைசித் தேதி, "தழும்பே தெரியாது" என்று ஒரு வாக்குறுதி! 'பின்' படம் எப்போதும் ஆறாம் மாதத்திலோ பத்தாம் மாதத்திலோ எடுக்கப்படுகிறது. எட்டாம் ஆண்டில் எடுத்த படத்தை எவரும் காட்டுவதில்லை. எடை திரும்பியவர்களும், வயிற்றிலும் கைகளிலும் தளர்ந்து தொங்கும் தோலோடு கண்ணாடியைத் தவிர்க்கிறவர்களும் அந்தப் பதாகைகளில் இல்லை.

இந்த அறுவையில் நேரும் மரணம் அரிதுதான். அமெரிக்காவில் 2009இல் வெளியான ஆய்வொன்றில் முப்பது நாட்களுக்குள் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேர். தேர்ந்த மருத்துவமனைகளில் இப்போது அது இன்னும் குறைவு. ஆனால் அந்த அரிது எங்கிருந்து வருகிறது? பருத்த உடம்பின் மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தப் பழகிய மயக்க மருந்து நிபுணர், முழு வசதியுள்ள தீவிர சிகிச்சைப் பிரிவு, தையல் கசிந்தால் நள்ளிரவிலும் மறுபடி வயிற்றைத் திறக்கத் தயாராக இருக்கும் குழு இவை இருக்கிற இடங்களிலிருந்து வருகிறது. இவை எதுவும் இல்லாமல் நான்கு மாடிக் கட்டடமும் விளம்பரப் பலகையும் மட்டும் வைத்திருக்கும் இடத்தில் அந்தக் கணக்கைச் சொல்லி ஒருவரைப் படுக்க வைப்பது ஏமாற்று.

ஒப்புதல் வாங்கும் விதத்தில் இருக்கும் அலட்சியம் இன்னொரு குற்றம். அறுவைக்கு முந்தின இரவு, ஏற்கெனவே கையில் ஊசி ஏற்றியாயிற்று, முன்பணம் கட்டியாயிற்று, ஊரிலிருந்து சித்தப்பா வந்தாயிற்று. அப்போது ஒரு நர்ஸ் வந்து ஆங்கிலத்தில் அச்சடித்த நான்கு பக்கத்தை நீட்டி, இன்ட்டு போட்ட இடங்களில் கையெழுத்து வாங்கிப் போகிறார். இதுவா ஒப்புதல்? ஒரு பெண் மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையை அகற்றிய வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது: சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழிகள் ஆகியவற்றை நோயாளிக்குப் புரியும்படி சொல்லிப் பெறுவதே ஒப்புதல், முடிவெடுக்கும் திறனும் வயதும் உள்ள ஒருவருக்காகத் தாய்கூடக் கையெழுத்திட முடியாது. எடைக் குறைப்பு அறுவை நெஞ்சுவலி போல நள்ளிரவில் வருவதில்லை. இரண்டு மாதம் தள்ளிப்போட்டால் பெரும்பாலானவர்களுக்கு எதுவும் கெட்டுவிடாது. அவகாசம் இவ்வளவு இருக்கும்போது அவசரப்படுத்துகிறவர் நோயாளியின் நலனை நினைக்கவில்லை.

2025இல் மௌஞ்சாரோ, வீகோவி என்ற எடை குறைக்கும் ஊசிகள் இந்தியாவுக்கு வந்த பிறகு, "இனி கத்தியே வேண்டாம்" என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. பலருக்கு இவை உதவுகின்றன; நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது. அறுவையைச் சொல்லும் மருத்துவர் இந்த ஊசியையும் சொல்லியாக வேண்டும், ஊசியைச் சொல்கிறவர் அதன் மாதச் செலவையும் சொல்லியாக வேண்டும். வேறு வழிகளை மறைத்து ஒன்றை மட்டும் காட்டுவது ஆலோசனை ஆகாது.

அரசுக்கும் பொறுப்பு இருக்கிறது. சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகளில் இந்த அறுவை நடந்திருக்கிறது. ஆனால் தேனியிலோ ராமநாதபுரத்திலோ 140 கிலோ எடையோடு முடங்கிக் கிடக்கும் கூலித் தொழிலாளிக்கு அது எட்டாத தூரம். 70 கிலோப் பெண்ணுக்குத் தேவையில்லாத அறுவை ஒரு வாரத்தில் கிடைக்கிறது. உயிர் போகும் நிலையில் இருப்பவருக்கு விசாரிக்க ஓர் இடம் இல்லை. இந்த நாட்டில் இந்தச் சிகிச்சையின் ஆகப்பெரிய அநியாயம் இதுதான். மாவட்டத் தலைமையிட மருத்துவமனைகளில் உடல் பருமனுக்கு ஒரு புறநோயாளிப் பிரிவு, அங்கே சோற்றையும் கேழ்வரகையும் வைத்துப் பேசத் தெரிந்த உணவியல் நிபுணர், ஒரு மனநல ஆலோசகர் வேண்டும். அறுவை தேவைப்படுவோரை அங்கிருந்து மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப வழி வேண்டும். தனியார் இடங்களைப் பொறுத்தவரை, எங்கே எத்தனை அறுவை நடந்தது, எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது, எத்தனை பேர் இறந்தார்கள் என்ற பதிவேடு கட்டாயமாக வேண்டும். அது மக்கள் பார்வைக்கும் வேண்டும். மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 1997 முதலே சட்டம் இருக்கிறது. மரணம் நேர்ந்த பிறகு ஆய்வுக்குப் போவதற்காக மட்டும் அந்தச் சட்டம் இருக்கக் கூடாது.

இப்போது இந்த முடிவின் முன் நிற்கும் உங்களுக்கு ஒரு வார்த்தை. நோய் உங்களை வதைக்கிறது, மற்ற வழிகளை முயன்று பார்த்துவிட்டீர்கள் என்றால் தலை நிமிர்ந்து போய் அறுவை செய்துகொள்ளுங்கள். குறுக்குவழி என்று பேசுகிறவர்களுக்கு நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. வேறொருவர் சொல்லித்தான் வந்திருக்கிறீர்கள் என்றால் இன்றே எழுந்து வீட்டுக்குப் போங்கள். எதுவானாலும் ஒப்புதல் படிவத்தை ஒரு வாரம் முன்பே தமிழில் கேட்டு வாங்குங்கள். மயக்க மருந்து தருகிறவரை நேரில் பாருங்கள். ஐந்து ஆண்டுக்கு முன் அதே மருத்துவரிடம் அறுவை செய்துகொண்ட இருவரிடம் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். இந்த மூன்றையும் தர மறுக்கும் மருத்துவமனையில் சேராதீர்கள்.